ஒன்பதாவது செல்

பதினாறு செல், நீல உறை போட்டவை,
கழித்துக் கட்டிய டவர் பேட்டரியிலிருந்து
நானே பிரித்தெடுத்தவை.
பதினைந்து சொன்ன பேச்சு கேட்கும்.
ஒன்பதாவதற்குச் சின்ன வயிறு.
முதலில் நிறையும்,
முதலில் தீரும்.
அதே அளவில் இன்னொன்று
மார்த்தாண்டம் முழுக்கத் தேடியும் அகப்படவில்லை.

வண்டி ரோணிக்கம் அக்காவுடையது.
எஞ்சின் கழற்றிய பழைய லோடு ஆட்டோ.
காலை நாலரைக்குக் குளச்சலில் ஏலம்;
ஐஸ் கரையும் முன்னே
மூன்று பெட்டி சாளையோடு
கருங்கல் ஏற வேண்டும்.
ஏற வேண்டும் என்பதுதான் விஷயம்.
இறங்குவதற்கு எந்த பேட்டரியும் போதும்.

என் இன்வெர்ட்டர் கடை மேசையில்
மூன்று போர்டு கிடந்தன.

ஒன்று ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
அறுபது ஆம்பியர் என்று எழுதியிருந்தது.
எழுதத்தானே செய்வார்கள்.

இரண்டாவது ஃபோனோடு பேசும்.
ஒவ்வொரு செல்லின் வோல்ட்டும்
மூன்று தசமம் வரை தெரியும்.
நான் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்,
அக்கா வழியில் நிற்பதை.

மூன்றாவதன் விலையைச் சொன்னபோது
அக்கா மீன் விலை கேட்டவளைப் போல
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மிஞ்சியவரின் மிச்சத்தைச் சூடாக்கி வீணடிப்பது ஒரு போர்டு.
மிஞ்சியவரிடம் எடுத்து
மெலிந்தவருக்கு ஊட்டுவது இன்னொன்று.
இரண்டு அட்டையிலும் சமன் என்றுதான் அச்சடித்திருக்கிறது.
வயிற்றைப் பெரிதாக்க
எந்த போர்டாலும் ஆகாது.

மலிவானதைத்தான் முதலில் போட்டேன்.
பதினாறு செல்லுக்குப் பதினேழு மெல்லிய கம்பி.
ஒன்று இடம் மாறினாலும் புகை.
இரண்டு தடவை எண்ணினேன்,
மூன்றாவது தடவை அக்காவை எண்ணச் சொன்னேன்.

குருசடி வளைவு தாண்டி
பாதி ஏற்றத்தில்
பதினைந்துக்கும் தெம்பு இருந்தது.
ஒன்பது இரண்டரை வோல்ட்டைத் தொட்டது.
போர்டு தன் கடமையைச் செய்தது.
விளக்கு, மோட்டார், எல்லாம் ஒரே நொடியில் போய்
வண்டி பின்னோக்கி உருண்டது.
அக்கா குதித்து இறங்கி
பின்சக்கரத்துக்குக் கல் வைத்தாள்.
ஐஸ் தண்ணீர் அவள் காலில் ஒழுகியது.

அன்று இரவு வெட்டும் அளவை
இரண்டுக்குக் கீழே இறக்கலாமா என்று
கொஞ்ச நேரம் நினைத்தேன்.
மேலே போய்ச் சேரலாம்.
ஒன்பது ஒரு மாதத்தில் வீங்கிச் செத்துவிடும்.
போர்டே இல்லாமல் ஓட்டு என்றான் வெல்டிங் செல்வராபின்.
அவன் பட்டறைச் சுவரில்
போன வருஷத்துக் கரி இன்னும் இருக்கிறது.

அக்கா திட்டுவாள் என்றுதான் போனேன்.
அவள் பெட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.
“நிக்கணும்னா நிக்கட்டு பிள்ளே.
நிக்கியதுக்கு முன்ன
ஒரு சத்தம் தரப்பிடாதா, கேட்டியா?”

மூன்றாவதை வாங்கினோம்.
பாதி அவள் சீட்டுப் பணம்,
பாதி என் கடன்.
இரண்டு தொள்ளாயிரத்தில் பீப்.
இரண்டு எழுநூறில் வேகம் பாதி.
இரண்டரையில்தான் வெட்டு.
கடற்காற்றின் உப்புக்கு
போர்டின் பற்றுவைப்புகள் மேலெல்லாம்
அவள் மகளின் சிவப்பு நகப்பூச்சைத் தடவினேன்.
பன்னிரண்டு ரூபாய் குப்பி.
அந்தப் பெண் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இன்று அதே ஏற்றம்.
குருசடி வளைவில் பீப் அடித்தது.
“ஒம்பது கரையுது” என்றாள் அக்கா,
கைப்பிடியைத் தளர்த்திக்கொண்டே.
நான் இறங்கினேன்.
அறுபத்திரண்டு கிலோ குறைந்தது.
பீப் நின்றது.
நானும் வண்டியும்
ஏறக்குறைய ஒரே வேகத்தில் நடந்தோம்;
பின்னால் வந்த பஸ்
ஹாரன் அடித்து அலுத்து ஒதுங்கிப் போனது.

ஆறே காலுக்குச் சந்தை.
சாளை விறைப்பாய்த்தான் இருந்தது.

நல்ல போர்டு.
ஆனால் அந்தக் கல்
சீட்டுக்கு அடியில் இருக்கிறது.
இறக்கிப் போடச் சொன்னால்
ரோணிக்கம் அக்கா
காது கேளாதவள் போல
மீனுக்கு விலை சொல்கிறாள்.