கீரிமலையில் மலை இல்லை

பெயரை நம்பித்தான் வந்திருந்தார் அவர்.
பண்டாரவளை, தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர், லோகிதராஜா.
சுன்னாகம் சந்தியில் விடியாத ஐந்தரைக்கு
நெஞ்சில் இலக்கத் துண்டை ஊசி குத்திக்கொண்டு கேட்டார்:
"ஏத்தம் எத்தனையாவது கிலோமீட்டர்ல வருதுங்க?"

ஏத்தமோ?
கீரியும் இல்லை, மலையும் இல்லை அங்கே.
ஒரு கேணி, ஒரு கடல், வடைக் கடை.
இருந்த கல்லையும் தோண்டிச் சீமெந்தாக்கி
ஊர் ஊராய் ஏற்றிவிட்டார்கள்.
மிச்சம் கிடப்பது பள்ளந்தான்,
தலைகீழாய்ப் பார்த்தால் மலை.

அவர் சிரித்தார்.
அப்போ லேசுதான் என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

போகும்போது லேசுதான்.
மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம்,
முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது காற்று.
சாரணப் பெடியள் தோடம்பழச் சுளை நீட்டினார்கள்.
தந்தையொருவர் மோட்டார் சைக்கிளில் கூடவே வந்து
மகளை வேகமாக ஓடச் சொல்லி ஏசிக்கொண்டிருந்தார்.
அவள் காதில் பாட்டு.
வேலியோரம் பனம்பழம் விழுந்து வெடித்து
தெருவே இனித்து மணத்தது.
முப்பது வருசம் கம்பி கட்டி மூடிக் கிடந்த பக்கம்
தார் இன்னும் புதிசு,
கால் அதைத் தெரியாமல் மிதிக்கிறது.
எனக்கும் இந்த வழி பழக்கமில்லை,
வீட்டிலிருந்து ஏழே கிலோமீற்றர்.

கேணியடியில் திரும்பினோம்.

திரும்பியதும் சோளகம் முகத்தில் அறைந்தது.
தள்ளிவந்த அதே கைதான்.
பனைகள் எல்லாம் ஒரே பக்கம் தலைவிரித்து நின்றன.
மூச்சை வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது,
தண்ணீர்க் கோப்பையைப் பிடுங்குகிறது,
வெளியில் காய்ந்த ஆரோ ஒருவரின் சாரத்தை
கம்பியோடு பிடுங்கப் பார்க்கிறது.
பதின்மூன்றில் லோகிதராஜாவைப் பிடித்தேன்.
தலையைக் குனிந்து, சின்ன எட்டு வைத்து,
மலை ஏறுகிறவன் மாதிரியே ஏறிக்கொண்டிருந்தார்
தட்டைத் தரையில்.
"இதுக்கு உச்சி எங்கங்க?" என்றார்.
உச்சி இல்லை. அதுதான் இதில் சனியன்.

பதினெட்டில் எங்கள் ஒழுங்கை.
பார்க்கக் கூடாது என்று
நாலு மாதமாக எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.
பார்த்தால் கட்டில் தெரியும், தேத்தண்ணி தெரியும்.
பார்க்கவில்லை. காதில் விழுந்தது.
தாங்கி நிரம்பி
கூரைத் தகரத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தம்.
மோட்டரைப் போட்டுவிட்டு மனுசன்
எனக்குக் கைதட்ட சுன்னாகத்துக்குப் போய்விட்டார்.

கிணற்றுத் தண்ணீர் மேடம் ஓடுகிறது,
கரண்ட் பில் ஓடுகிறது,
நான் மட்டும் நேரே ஓடுவதோ?

படலையைத் தள்ளி, மூன்று படி ஏறி
(தொடை இரண்டும் கத்தின)
சுவிச்சை அமத்திவிட்டு வந்தேன்.
பக்கத்து வீட்டு நிமலாயினி மதிலால் எட்டிப் பார்த்து
"முடிஞ்சுதோ அக்கா?" என்றாள்.
முடியேல்லை, மூன்று கிடக்கு.

இரண்டு மணி ஐம்பத்தேழு நிமிடம்.
அதில் மோட்டருக்கு ஒன்றரை.
பதிவுப் புத்தகத்தில் அதற்கு நிரல் இல்லை.
மனுசன் கைதட்டினார்.
தாங்கியைப் பற்றி நான் அப்போது வாய் திறக்கவில்லை,
பின்னேரம் திறந்தேன்.

லோகிதராஜா எனக்கு முன்னமே வந்து
சீமெந்துக் கட்டில் காலை நீட்டி
பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மூன்று முக்கோண மலை.
உச்சியில் வெள்ளை வெள்ளையாய் ஏதோ.
பனை போடச் சொல்லியிருப்பார்கள்,
அச்சகத்தான் பனி போட்டுவிட்டான்.

"எங்க ஊர்லயும் இப்படி ஒரு மலை இல்லீங்க"
என்றார் அவர்,
உப்புப் பூத்த முகத்தைத் துடைத்துக்கொண்டு.
பிறகு, அடுத்த வருசம் எப்ப என்று கேட்டார்.