கடைசி அத்தியாயம்

கோரையாற்றுக் கிளை வாய்க்காலில்
காலைப் புகைப்படம் எடுத்து முடித்ததும்
கைப்பேசியில் எழுதிய நாவலின் முடிவை வாசித்தேன்.

கடல் மன்னார்குடிவரை வந்துவிட்ட வருடம்.
ஆறு ஒரு கம்பெனிக்குச் சொந்தம்.
பெண்களுக்குப் பெயர் கிடையாது, மடை எண்தான்.
நாற்பத்தேழு
இருட்டில் தடுப்பணை தாண்டித்
தன்னந்தனியே தப்பிக்கிறாள்.

"தனியாவா?" என்றாள் தையல்நாயகி,
தூக்குவாளி மூடியில் ஊறுகாயைத் தேடியபடி.
"ஷட்டர்ல ஏற யாரு முதுகு குடுத்தா?"

நான் யோசித்திருக்கவில்லை.

"காட்டிக்குடுத்தாளே பக்கத்து வீட்டுக்காரி,
அவளுக்கு என்ன பயமாம்? அத எழுதலையே நீ."
பிரேமகுமாரி விடவில்லை:
"நாப்பத்தாறும் நாப்பத்தெட்டும்
அன்னிக்கி ராத்திரி தூங்கிட்டாளுவளா?"

சிரித்தோம். பிறகு மண்வெட்டிச் சத்தம் மட்டும்.
ஜெய்புன்னிசாவின் முளைக்குச்சிகளுக்கு நடுவே
பாதிக்குமேல் வெட்டியாகிவிட்டது.
கணவனைத் திருவாரூரில் டயாலிசிஸுக்கு விட்டுவிட்டு
இரண்டாவது படத்துக்குள் வந்துவிடுவாள்.
யார் முதலில் அங்கே இறங்கினார்களென்று
நான் பார்க்கவில்லை.

ராத்திரி கடைசி அத்தியாயத்தை அழித்தேன்.
ஷட்டருக்குக் கீழே இப்போது ஆறு பேர்,
இடுப்புவரை சேறு.
பக்கத்து வீட்டுக்காரியும் வந்திருக்கிறாள்,
கொஞ்சம் தள்ளி நிற்கிறாள்.
அவளுக்கொரு பெயர் யோசிக்க வேண்டும்.