கண்ணாடியில் ஒரு கீறல்

பாடாங் செராய் பழைய சந்தைக்கு எதிரே
நகலெடுக்கும் கடை என்னுடையது.
பக்கத்துக்கு இருபது காசு.
ஐசி என்றால் முன்னும் பின்னும் ஒரே தாளில்.
லேமினேட் இரண்டு வெள்ளி.

இந்த ஊரில் யார் யார் என்பது
எனக்கும் என் இயந்திரத்துக்கும் தெரியும்.
நீல அட்டை, சிவப்பு அட்டை, பச்சைக் கடப்பிதழ்,
செம்பனைத் தோட்டத்துக்கு ஆள் இறக்கிய ஏஜென்ட்
கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த வெற்றுத்தாள்.
எல்லாரும் என் கண்ணாடியில்
முகம் குப்புறத்தான் படுக்கிறார்கள்.
மூடியை இறக்குவேன்.
பச்சை வெளிச்சம் ஒருமுறை முதுகுக்கடியில் ஓடும்.

அந்தக் கண்ணாடியில் ஒரு கீறல்.
யாரோ ஸ்டேப்ளர் ஊசியோடு தாளைத் தேய்த்த நாளிலிருந்து
எந்த நகலிலும் சாய்வாக, விரல் நீளத்தில்
மயிரிழைக் கறுப்பு.
மாற்ற எழுநூறு வெள்ளி கேட்டான் மெக்கானிக்.
மாற்றவில்லை. யாரும் குறை சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் அங்கப்பனுக்குச் சிவப்பு அட்டை.
இங்கிருந்து இரண்டு மைல், ஆறாம் லயத்தில் பிறந்தவர்.
பிறப்பைப் பதியாமல் விட்டது அவர் அப்பா.
பதில் சொல்லிக்கொண்டிருப்பது இவர்.
ஐந்து மனு.
ஐந்தாவது நேர்முகத்தில்
நாட்டின் பூ எது என்று கேட்டார்களாம்.
செம்பருத்தி என்று தமிழில் சொல்லிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டாராம்.
கடிதம் வந்தது, வருத்தத்துடன்.
காரணம் எழுதும் வழக்கம் இல்லை.

சலிமுல்லா வந்தது செவ்வாய் மாலை, அடைமழையில்.
உறைக்குள் உறை, அதற்குள் இன்னோர் உறை,
அதற்குள் அகதி அட்டை.
காலாவதியாகி ஒன்பது நாள்.
புதுப்பிக்க வரச்சொன்ன தேதி
ஏழு மாதம் தள்ளி. கைபேசியில் காட்டினான்.
'அக்கா, நகலில் இந்த ஒரு எண்ணை மட்டும்...'
அரைகுறை மலாயில் கேட்டான்.
ஐந்தை ஆறாக்க வேண்டும். அவ்வளவுதான்.
ஒரு துளி வெள்ளை மை, ஒரு முனை கறுப்பு.
இரண்டும் என் இழுப்பறையில் இருந்தன.
லைசென்ஸ் சுவரில் தொங்கியது.
முடியாது தம்பி என்றேன்.
நாலு நகல் எடுத்தேன். எண்பது காசு.
வாங்கிக்கொள்ளவும் செய்தேன்.

வியாழன் விடியுமுன் லாரிகள்.
அங்கப்பன்
சட்டைப்பையில் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான்
சன்னலைத் திறந்தார்.
செம்பனை வரிசைகளுக்குள் டார்ச் வெளிச்சங்கள்
எதையோ தவறவிட்டவர்கள் போலத் தேடின.
விடிந்தபின் வேலிக்கம்பியில் ஒரு கைலி,
காய்ந்தும் காயாமலும்.

எட்டரைக்கு முதல் ஆள், என்சே ருஸ்லான்,
குடிநுழைவு இலாகா.
பூட்ஸ் முழுக்கச் சேறு, கண்ணில் தூக்கம்.
தன்மையான மனுசன். காலை வணக்கம் சொன்னார்.
அலுவலக மெஷின் படுத்துவிட்டதாம்.
மூன்று பக்கம், ஐந்து நகல்.

நாற்பத்தொரு பெயர்.
பதினெட்டாவது ஒரு தமிழ்ப் பெண்.
முகவரி என் தெருவுக்கு அடுத்த தெரு.
நாடு என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை.
இருபத்தாறாவது சலிமுல்லா.
குறிப்பு: அட்டை காலாவதி.

மூடியை இறக்கினேன்.
என்ன செய்வேன் என்று நினைத்தீர்கள்?
பச்சை வெளிச்சம் ஓடியது,
பதினைந்து முறை.

'பெயரில் கோடு விழுகிறதே' என்றார் என்சே.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
'பரவாயில்லை. எண் தெரிகிறது.'
கணக்குக் காட்ட ரசீது கேட்டார்.
எழுதினேன்: நகல் பதினைந்து, மூன்று வெள்ளி.

மத்தியானம் சோற்றுக்கு வந்த அங்கப்பன்
ஆறாவது மனுவை மேசையில் வைத்தார்.
அட்டையைத் தானே கவிழ்த்தார்.
'இந்தக் கோடு மூஞ்சியில் விழாமல்
கொஞ்சம் தள்ளி வையேன்.'

இரண்டு விரற்கடை தள்ளி வைத்தேன்.
விழவில்லை.

இத்தனை வருசம்
எவர் முகத்தையும் நான் தள்ளி வைத்ததில்லை.
கண்ணாடியில் இடம் இருந்தது.