முப்பத்தொரு பெகோனியா

ஹீட்டர் வேண்டாம் என்றார் மெனேஜர்.
டிசம்பர் பில்லைப் பார்த்த கையோடு
பிளக்கையும் பிடுங்கிக்கொண்டு போனார்.
கண்ணாடி அறையில் பூ மட்டும் வேண்டுமாம்.

கந்தப்பளையில் தை பிறந்தால்
விடியலில் புல் நொறுங்கும்.

நான் செய்தது இவ்வளவுதான்:
வெறும் தார்ப் பீப்பாய் ஆறு, கறுப்புப் பெயின்ட், நிறையத் தண்ணீர்.
பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுச் சும்மா நிற்கும்,
இருட்டியதும் மெல்ல மெல்லக் கக்கும்.
சட்டங்களின் இடுக்கில்
கிழிந்த கொழுந்துச் சாக்கு.
கூரைக்கு, புது பிரிட்ஜைச் சுற்றி வந்த குமிழிப் பொலித்தீன்.
செலவு பெயின்ட் மட்டும். அதுவும் அரை டின்.

பதினெட்டாம் திகதி அத்தனையும் போதவில்லை.
பத்து மணிக்கே வெப்பமானி நாலுக்கு இறங்கிற்று.
லயத்துக்கு ஓடி
அவரையும் பிள்ளைகளையும் எழுப்பினேன்.
பாயும் வந்தது.

பீப்பாய்களுக்கு நடுவே படுத்தோம்.
நாலு பேர் மூச்சில் கண்ணாடி வியர்த்தது.
சின்னவள் விரலால்
டிலக்ஷனா என்று எழுதினாள்,
ல மட்டும் திரும்பியிருந்தது.

காலையில் மெனேஜர் ஒவ்வொரு இலையாகத் தொட்டுப் பார்த்தார்.
"எப்படி தவசீலி?"
பீப்பாய் சேர், என்றேன்.
அவர் முதுகுக்குப் பின்னால்
பெயர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.