இடது கை

வாங்கியபோது அதற்குள் பதினோரு கோழிகள்.
கோழிக்குத் தனி விலை என்றார் லிங்கப்பா.
வேண்டாம் என்றேன். ஒன்று மட்டும் இறங்க மறுத்து
ராயக்கோட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வரை
டெம்போமேல் காரும் கார்மேல் கழுத்துமாக
எட்டிப் பார்த்தபடி வந்தது.

ஐம்பத்து நாலாம் வருட மோரிஸ் மைனர்.
தரையில் ஓட்டை. ஓட்டை வழியே டெம்போவின் பலகை,
பலகை இடுக்கில் தார்ச்சாலை.

சீட்டு கட்டுவது மாதிரி மாதம் ஓர் உறுப்பு.
ஆவணியில் பிரேக் சிலிண்டர்.
ஐப்பசியில் ஒரு கதவு, ஒரே ஒரு கதவு.
தையில் ஒன்றுமில்லை, திம்மராயனுக்குப் பல்வலி.
வைகாசி பிறந்தால் தார்ப்பாயைப் போர்த்திவிட்டுக்
கூழ் ஆலைக்குள் போய்விடுவேன்.
லாரி லாரியாகத் தோத்தாபுரி.
ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்துச்
சர்க்கரை அளக்கிற வேலை எனக்கு.
ஆடி முடியும்வரை பெட்ரோல்கூட
மாம்பழமாகத்தான் மணக்கும்.

வீட்டு ஸ்பேனர் எதுவும் பொருந்தவில்லை.
பன்னிரண்டு ஏறாது, பதிமூன்று வழுக்கும்.
இரண்டுக்கும் நடுவே அரை இஞ்ச் என்றொரு தேசம்.
அங்கே போக பெங்களூரில் பஸ் மாறவேண்டியிருந்தது.

கிரானைட் அறுக்கும் மெஷினுக்கெல்லாம்
தொடை கனத்தில் ஷாஃப்ட் கடைகிற முனிரத்தினம்
என் சுண்டுவிரல் புஷ்ஷை உள்ளங்கையில் உருட்டி
"இதுக்கு நான் கண்ணாடி மாத்தணும்மா" என்றார்.
காசு வாங்கவில்லை.
அடுத்த தடவை அதற்கும் சேர்த்து வாங்கினார்.

பச்சைக்குக் கீழே சாம்பல் இருந்தது.
சாம்பலுக்குக் கீழே, இடது கதவில்,
'தட்டச்சுப் பயிற்சி, இரு மொழிகளும்'.
அதை மட்டும் தேய்க்க மனம் வரவில்லை
என்று எழுதினால் அழகாயிருக்கும்.
தேய்த்தேன். துரு அங்கேதான் தொடங்கியிருந்தது.

பிறகு கவுஸ்.
எல்லா வண்டிக்கும் முடுக்குகிற மாதிரி
கறுப்பு வயரை பாடியில் முடுக்கினான்.
புகை.
இந்த வண்டிக்கு நேர்முனைதான் மண்.
நான் சொல்லவில்லை என்பது அவன் கட்சி.
சொன்னேன், நீ நம்பவில்லை என்பது என் கட்சி.
வழக்கு இன்னும் நடக்கிறது.
அன்றிரவு தூக்கமில்லாமல் யோசித்தேன்:
உண்டு என்பதை மண்ணில் புதைத்துவிட்டு
இல்லை என்பதை வயரில் ஓடவிட்டு
எப்படி எரிகிறது ஒரு விளக்கு?

மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று
திம்மராயன் ஒருமுறைதான் கேட்டார்.
நோட்டை நீட்டினேன்.
மூன்றாம் பக்கத்தில் மூடி, தண்ணீர் குடித்தார்.

எட்டாம் வருடம், மார்கழி, ஒரு ஞாயிறு.
சாவியைத் திருப்பியதும் பின்பக்கம்
பம்ப் டிக் டிக்கென்று எண்ணத் தொடங்கி,
போதும் என்று தோன்றிய இடத்தில் நிறுத்திக்கொண்டது.
இரண்டாவது இழுப்பில் எஞ்சின்.
"ஹைவே பக்கம் மட்டும் போகாதே" என்று
கதவைப் பிடித்தபடி ஏறினார்.

ஊர் தாண்டியதும், சும்மா பார்ப்போமே என்று
இண்டிகேட்டரைத் தட்டினேன்.
கதவோரத் தூணிலிருந்து இடது கை
மஞ்சளாக எழுந்து நீண்டது.
திரும்ப மடங்கவில்லை.
திம்மராயன் எட்டி அமுக்கினார்.
அமுக்க அமுக்க வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளைபோல
மறுபடி எழுந்தது.

பின்னால் ஜல்லி லாரி.
ஹாரன் அடிக்கவில்லை அவன்.
கையைப் பார்த்து வேகம் குறைத்து
நான் திரும்பக் காத்திருந்தான்.
எட்டு வருடத்தில் அந்த வண்டியை
நம்பிய முதல் ஆள்.
எப்படி ஏமாற்றுவது?

திரும்பினேன்.
பலகை இல்லாத சாலை, இருபுறமும் மாந்தோப்பு,
எதிரே பாதி ரோட்டுக்குக் கேழ்வரகுக் கதிர்.
பிரேக்கை மிதித்தேன், நின்றது. ஆவணி மாத பிரேக்.
முக்காட்டுப் பெண் ஒருத்தி
வா வா என்று முறத்தை ஆட்டினாள்.
மேலே ஏற்றினேன்.
சக்கரத்தடியில் ஒரு முணுமுணுப்பு,
எண்ணெயில் கடுகு விழுவதுபோல.

அவள் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.
வண்டியைப் பார்க்கவே இல்லை.
"இந்தப் பக்கம் இன்னும் உதிரலே.
பின்னாலே வாங்க."

இடது கை நீட்டியபடியே இருக்க
ரிவர்ஸ் கியரைத் தேடினேன்.