பச்சை வளையம்

லொறிக்கு இருபத்துநாலு வோல்ட்,
கெமராவுக்குப் பன்னிரண்டு.
இது எனக்குத் தெரியும்.
தெரிந்தும் நேற்றிரவு நேராகக் கொடுத்தேன்.

கருகிய வாசம் கராஜைவிட்டுப் போகவேயில்லை.
"என்னமோ தீயிது" என்றார் அருளாண்டி அண்ணன்.
"யாரோ டயர் எரிக்கிறாங்க" என்றேன்,
வெளியே தலவாக்கலை முழுக்க மழை.

பக்கத்துக் கடை பந்துல சொன்னான்:
இரண்டு பெட்டரிக்கும் நடுவில் கம்பியை வை,
பன்னிரண்டு கிடைக்கும்.
கிடைக்கும்.
ஒன்று பசித்தும் மற்றது செரிக்காமலும்
மூன்று மாதத்தில் இரண்டும் சாகும்.
காலையில் ஹட்டனுக்கு பஸ் ஏறி
கன்வர்ட்டரோடு இன்னொரு கெமராவும்
என் காசில் வாங்கி வந்தேன்.

ஷாசிக்கு அடியில் மல்லாந்து கிடந்தால்
காய்ந்த கொழுந்துக் காம்பு கண்ணில் விழுகிறது.
சைலன்சருக்குத் தள்ளி, சாணுக்கு ஒரு கட்டு.
கெபின் முன்னால் கவிழும் இடத்தில் மட்டும்
ஒரு முழம் தளர்வாக விட்டேன்.
இழுத்துக் கட்டினால் அழகாகத்தான் இருக்கும்,
எஞ்சின் பார்க்கத் தூக்கும் முதல் நாள்வரை.

போன மாதம் பனிக்குள் பின்னால் வந்து
மடுவத்துச் சுவரில் மோதியது இதே லொறி.
டிலுக்‌ஷன் "ஹோல்ட்" என்று கத்தினானா,
கத்தியது அண்ணன் காதில் விழவில்லையா,
வழக்கு இன்னும் முடியவில்லை.
ஹமீட் முதலாளி சுவருக்குக் காசு கட்டிவிட்டு
கெமரா போடச் சொன்னார்.

ஜப்பானில் பிறந்த திரை, ஜப்பானில் பேசியது.
போனைப் பிடித்து மொழிபெயர்த்தேன்:
"பின்பக்கம் இல்லை."
அதை "உண்டு" என்று மாற்றவே அரை மணி நேரம்.

ரிவர்ஸ் விழுந்தது. படமும் வந்தது.
கராஜ் சுவரை அண்ணன் எழுத்துக்கூட்டினார்:
"இங்கே குப்பை போடாதே.
அட, என்னா தெளிவு!"

அதுதான் பிழை.

டிலுக்‌ஷன் நின்றது இடப்பக்கம், பள்ளத்தோரம்.
திரையில் அவன் வலப்பக்கம், மலையைச் சாய்ந்து
பத்திரமாக நின்றுகொண்டிருந்தான்.
கெமரா ஒருமுறை திருப்புகிறது,
திரையும் தன் கம்பனிப் புத்தியில் ஒருமுறை திருப்புகிறது.
எழுத்து நேராகிவிட்டது,
பள்ளம் இடம் மாறிவிட்டது.

கெமராவின் வாலில் பச்சை வயர் ஒன்று
வளையமாகத் தொங்கும். அதை வெட்ட வேண்டும்.
வெட்டியதை ஒட்டலாம்தான்,
ஒட்டிய இடம் மழைக்குத் தெரிந்துவிடும்.
இது இரண்டாவது கெமரா.
கட்டரை வைத்து எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

டிக்.

சுவர் எழுத்தெல்லாம் இடம்வலமாகப் புரண்டது.
"இப்ப வாசிக்க முடியலையேப்பா."
"வாசிக்க வேணாம் அண்ணே. ஸ்டியரிங்கை ஒடிங்க."
டிலுக்‌ஷன் பள்ளத்தோரம் திரும்பி வந்திருந்தான்,
இருந்த இடத்திலிருந்து அசையாமலே.

கண்ணாடியில் ஒரு துளி மழை.
அவனுடைய பாதி முகம் வீங்கித் தெரிந்தது.
கிட்டே வந்து கட்டைவிரலால் துடைத்தான்.
கொஞ்ச நேரம் லொறிக்குப் பின்னால்
கொழுந்துக்கறை ஏறிய ஒரு ரேகையைத் தவிர
உலகத்தில் எதுவும் இல்லை.
வாய் அசைந்தது. "தெரியிறேனா?" என்றிருப்பான்.
திரைக்குச் சத்தம் கிடையாது.

"இனி பின்னால ஆள் வேணுமான்னு
மொதலாளி கேக்கச் சொன்னாரு" என்றார் அண்ணன்
குரலைத் தணித்து, திரையைப் பார்த்தபடி.
"மூட்டையை கெமராவா தூக்கும்?" என்றேன்.
அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மெதுவாகப் பின்னால் எடுத்தார்.
மஞ்சள் கோடு தாண்டி, சிவப்புக் கோடும்
சுவரைத் தொடப் போனது.
பார்த்துக்கொண்டேயிருந்தார், பிரேக் போடவில்லை.
டங் டங் என்று தகரத்தில் கை விழுந்தது.
அப்போதுதான் கால் அமுக்கியது.

பில் எழுதினேன்.
கன்வர்ட்டர் ஒன்று. கேபிள் ஏழு மீட்டர்.
கெமரா
ஒன்று.