அறுபது பாகை

ஏழாவது தட்டும் வெளுத்துப் போயிற்று.
ஆவியறைக் கதவைத் திறந்ததும்
கண்ணாடியில் புகார் படிய
துடைத்துவிட்டுப் பார்க்கிறேன்:
நண்டுக்குச்சி என்று நாங்கள் பெயர் வைத்த மீன்சதை
பல் முளைக்காத முரசு மாதிரிக் கிடக்கிறது.

காலையில் அப்படி இல்லை.
சீனக்குடாவில் இடுப்பளவு நீரில் நின்று
பரீனா அரித்துத் தந்த கஞ்சிப்பாசி.
உறையவைத்து, உருக்கி, மறுபடி உறையவைத்துக்
குளிர்நீரில் பிழிந்தபோது
இறால் வாலின் இளஞ்சிவப்பு.
யன்னல் வெயிலில் போத்தலைச் சரித்தால்
விளிம்பில் செம்மஞ்சளாய் ஒரு பொறி.
"நெருப்புப் பிடிச்ச மாதிரிக் கிடக்கு மிஸ்" என்றான்
தட்டுக் கழுவ வந்த நிரோஜன்.

பேணியில் வரும் பழைய சாயம்
எந்தச் சூட்டுக்கும் மசியாது.
அவி, பொரி, ஆறு மாதம் பனியில் போடு,
அதே சிவப்பு. கூச்சமே இல்லாத சிவப்பு.
கொழும்புக்காரருக்கு இனி அது வேண்டாமாம்.
உறையில் "கடலின் நிறம்" என்று அச்சடிக்க ஆசை.

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன்.
விடிய நான் வைத்த கறி, கொட்டியாரக்குடா நண்டு.
சட்டிக்குள் போகையில் பச்சையும் நீலமும்;
கொதி வந்த பிறகுதான் இந்த நிறம்.
காலைக் கடித்து உடைத்தபடி
கைவிரலைப் பார்த்தேன், சோற்றைப் பார்த்தேன்.
நண்டு வெந்தால் சிவக்கிறது.
பாசி வெந்தால் வெளுக்கிறது.
அறுபது பாகையில் ஒன்றையொன்று கடந்துபோகும்
இந்த இரண்டையும்
ஒரே குச்சியில் நிறுத்தத்தான் எனக்குச் சம்பளம்.

எட்டாவது தட்டு.
வெள்ளையாகவே அவியவிட்டேன்.
ஆறி, குளிர்ந்து, விரல் மரக்கும்வரை பொறுத்து
தூரிகையால் ஒரு பக்கம் மட்டும் இழுத்தேன்.
பிடித்தது!

ஞானசீலன் சேர் வந்து
வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்தார், தலையாட்டினார்.
பிறகு கேட்டார்:
"வாங்கிறவன்ர வீட்டில எண்ணெய்ச்சட்டி இருக்காதோ?"

பதில் எழுதவேண்டிய கட்டத்தில்
"மேலும் பரிசோதனை தேவை" என்று எழுதினேன்.
கிருமிச் சோதனைக்கு இரண்டு துண்டு,
குளிர்ப்பெட்டிக்கு நாலு.
ஒன்றை நானே தின்றேன்.
மீன்தான். நல்ல மீன்.

பஸ் தரிப்பில் பரீனா நின்றார்,
ஈரச் சாக்கு மடித்துக் கக்கத்தில்.
"எங்கட பாசி நண்டாயிட்டா?"
நகக்கண்ணில் சிவப்பு இன்னும் போகவில்லை எனக்கு.
"சூடு படாத வரைக்கும்" என்றேன்.

பலமாகச் சிரித்தார்.
நாளைக்கு ஐந்து கிலோ கொண்டுவருவாராம்,
விலையைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.